நுளம்பு வலை போட்ட கறிவேப்பிலை

யோசேப் வெறும் கோழிக்கூட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றார். கூட்டில் கோழி இல்லாமல்போய் இரண்டு வருடம். வீட்டு மண்டபத்தில் மனைவி மக்டலினின் சவப்பெட்டி. முற்றத்தில் கூடாரம் கட்டுகிற சத்தம். மகள் றொசானி அழுது வீங்கிய முகத்தோடு அவரைத் தேடிக்கொண்டு பின்வளவுக்கு வந்தாள்.

"அப்பா! என்ன தேடுறீங்க?"

"அதுகள."

"எதுகள?"

"அதுதானே புள்ள எனக்கும் தெரியா" என்றார், தலையில் ஒட்டடையோடு வெளியே வந்து.

நேற்றுக் காலை ஆஸ்பத்திரிக் கட்டிலில் மக்டலின் அவர் கையைப் பிடித்து, "நாளைக்குச் சனிக்கிழமை. அதுகள மாத்தி விடுங்க, என்ன?" என்றாள். அவரும் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு, தாதி கொடுத்த மருந்து எழுதிய துண்டோடு அவசரமாக வெளியே போனார். வந்து ஆறுதலாக, நிதானமாகக் கேட்கலாம் என்று நினைத்தார். வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்திருந்தார்கள்.

"மயக்கத்தில என்னவோ பினாத்தியிருப்பா அப்பா."

"இல்ல. என்ட கண்ணப் பாத்துத்தான் சொன்னவ."

யோசேப் ரேடியோவும் மின்விசிறியும் திருத்துகிறவர். ஒரு சாமான் ஏன் கரகரக்கிறது என்று தெரியாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. முப்பத்தாறு வருடம் கூட இருந்தவள் கடைசியாகக் கேட்டது இன்னதென்று விளங்காமலே அவளை மண்ணுக்குள் வைப்பதா? மூன்று மணிக்குப் பெட்டியை மூடிச் சேமக்காலைக்குக் கொண்டுபோவார்கள். அதற்குள் எப்படியும் தெரிந்தாக வேண்டும்.

விடிந்ததிலிருந்து அதே வேலைதான். அலுமாரியைக் கிளறினார். ஊறப்போட்ட உடுப்பு ஏதும் கிடக்கிறதா என்று வாளியைப் பார்த்தார். பீடத்துப் பூச்சாடிகளா என்று கோயிலுக்குப் பூ வைக்கிற பெண்ணிடம் கேட்டார். அது ஞாயிறு வேலை என்றாள். கிணற்றடியில் கறிவேப்பிலை மரத்தின்மேல் படுக்கைக்குக் கட்டும் பழைய நுளம்பு வலை ஒன்று கிடந்தது. காயப்போட்டு எடுக்க மறந்துவிட்டாள் போலும் என்று அதைத் தாண்டிப் போனார்.

றொசானி தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டினாள். கோப்பையை வாயருகே கொண்டுபோனவருக்கு ஏதோ குறைந்தது. மாரி முடிந்து மரங்கள் தளிர்விடும் இந்த மாதங்களில் மக்டலின் தரும் சனிக்கிழமைக் காலைக் கோப்பையில் ஒரு மணம் இருக்கும். பழுத்து அழுகிய பழத்தோடு தேசித் தோலும் சேர்ந்த மாதிரி ஒரு நாற்றம். "கையக் கழுவிட்டுத் தாவன்!" என்று எரிந்து விழுவார். அவள் சிரித்துக்கொண்டே சட்டையில் துடைப்பாள். இன்றைக்குக் கோப்பையில் தேயிலை மட்டும்தான் மணத்தது.

மக்டலினின் தம்பி ஜசிந்தன் கத்தியோடு வந்து நின்றான்.

"அத்தான், பெட்டி தூக்கிற ஆக்களுக்குத் தேசிக் கொப்பு இடிக்கும். முள்ளு வேற. தறிச்சிடட்டா?"

வாசலில் நிற்கும் அந்தத் தேசி மரத்தை, அந்த எலுமிச்சையை, மற்றவர் தொட யோசேப் விட்டதில்லை. கன்றிலிருந்து பார்த்துப் பார்த்து வளர்த்த மரம். கொய்யாவைக் கிளிக்கும் அன்னமுன்னாப் பழத்தை அணிலுக்கும் விட்டுக்கொடுத்தவர், தேசியில் ஒரு புழுவைக்கூட விடமாட்டார். ஆனால் இப்போது "தறி, தறி" என்று கையை வீசிவிட்டு வேலியடிக்குப் போனார். அங்கே பக்கத்து வளவுக் கண்ணகை, செத்த வீட்டில் அடுப்பு மூட்டவில்லை என்று இடியப்பமும் சொதியும் கொண்டு வந்துகொண்டிருந்தாள்.

"கண்ணகை, மக்டலின் உன்னட்ட எதையும் தந்து வெச்சவளா? மாத்திக் குடுக்க, எடுத்து வெக்க, அப்பிடி?"

"ஒண்டும் தரல்லயே அண்ணன். வாங்கிப் போறதுதான். நாளுக்கு ஒரு நெட்டுக் கறிவேப்பில."

"கறிவேப்பிலயா? எங்கட வளவிலயே மரம் நிக்குதே!"

கண்ணகை சட்டியை இறக்கி வைத்துவிட்டு அவரை ஒருமாதிரிப் பார்த்தாள்.

"அதில ஆயமாட்டா. அது அவட பூச்சியளுக்கு. உங்களுக்குத் தெரியாதா? நீங்க சனிக்கிழமையில தேசிக்கு மருந்தடிப்பீங்களே. அதுக்கு முதல் வெள்ளன ஒழும்பி, புழுவெல்லாத்தையும் இலையோட நுள்ளி எடுத்து, கறிவேப்பிலயில கொண்டு மாத்தி விட்டிருவா. புலுனிக் குருவி கொத்தாம வலையும் போட்டு வெச்சிருக்கா."

யோசேப் கிணற்றடி வலையைத் திரும்பிப் பார்த்தார். வளவு முழுக்க வண்ணத்துப்பூச்சி பறக்கிறதே என்று யார் கேட்டாலும், "என்ட எக்ஸோறாப் பூவுக்கு வருது" என்று எத்தனை பேருக்குப் பெருமையடித்திருப்பார்! மக்டலின் பக்கத்தில்தான் நிற்பாள். ஒரு சொல் சொன்னதில்லை.

"என்னட்ட ஏன் சொல்லல்ல?"

"தேசி அவரிட, கறிவேப்பில என்ட, சண்டை என்னத்துக்கு எண்டு சிரிப்பா. வேற என்ன!"

அப்போதுதான் அவருக்குப் புகை மணத்தது.

வேலி மூலையில் தறித்த கொப்புகள் குவிந்து கிடந்தன. ஜசிந்தன் காய்ந்த ஓலையொன்றைக் கொளுத்திக் குவியலுக்குக் கீழே செருகிக்கொண்டிருந்தான்.

"டேய் மச்சான், நிப்பாட்டு! நிப்பாட்டுடா!"

இடுப்புச் சாரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிய யோசேப், எரிகிற ஓலையை வெறுங்காலால் உதைத்துத் தள்ளினார். துக்கம் மண்டையில் ஏறிவிட்டது என்று பார்த்தவர்கள் பயந்தார்கள். அவர் முள்ளுக்குள் கையை விட்டார். தளிர் முனையில் குருவி எச்சம்போல ஒரு சின்னப் புழு. அதன் பக்கத்தில் விரல் தடிப்பில் பச்சையாய் இன்னொன்று. எத்தனை வருடமாய் மருந்தடித்திருக்கிறார், ஒன்றைக்கூட இப்படிக் கிட்ட நின்று பார்த்ததில்லை. தோளில் கண்மாதிரி ஒரு கோலம். இதென்ன, முழிக்கிறதா? விரலால் மெல்லத் தொட்டார். புழு வெடுக்கென்று தலையை நிமிர்த்தி, செம்மஞ்சளாய் இரண்டு கொம்பை நீட்டியது.

அந்த மணம் வந்தது. அவளுடைய காலைக் கோப்பையின் மணம்.

யோசேப் அப்படியே குந்திவிட்டார். நேற்றிலிருந்து வராத அழுகை வந்தது. ஜசிந்தன் என்ன ஏதென்று கேட்காமல் ஓலையை மிதித்து அணைத்தான்.

பிறகு இருவருமாய் இலையோடு இலையாக நுள்ளினார்கள். சில கருகிவிட்டன. மற்றவற்றை யோசேப் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு போய், வலையைத் தூக்கி, கறிவேப்பிலையில் ஒவ்வொன்றாய் விட்டார். மேல் நெட்டுகள் மொட்டையாகிக் கிடந்தன. கீழ்க் கொப்பில் கூடு ஒன்று நூலில் சாய்ந்து நின்றது. எத்தனை நாளில் வெடிக்குமோ, கண்ணகைக்குத் தெரிந்திருக்கும், கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். வலையைப் பழையபடி இழுத்து மூடி, நுனியில் அவள் வைத்திருந்த கல்லை எடுத்துத் திரும்ப வைத்தார்.

றொசானி சவர்க்காரத்தோடு கிணற்றடிக்கு வந்தாள்.

"அப்பா, பாதர் வந்திட்டார். பெட்டி மூடப்போறாங்க. என்ன இப்பிடி நாறுது? கையக் கழுவிட்டு வாங்க."

யோசேப் சவர்க்காரத்தை வாங்கிக் கிணற்றுக் கட்டின்மேல் வைத்தார். கழுவாமலே உள்ளே போய், செபமாலை சுற்றியிருந்த அவள் கையின் மேல் தன் கையை வைத்தார்.