உப்புமேட்டில் யாரும் ஏறவில்லை

எண்ணூர் பக்கம் தண்டவாளத்தை ஒட்டி, கூரை போன ஓர் அறை நிற்கிறதே, பார்த்திருக்கிறீர்களா கண்ணுங்களா? அதுதான் உப்புமேடு ஸ்டேஷன். அங்கே ரயில் நின்று இருபத்திரண்டு வருஷம் ஆகிறது.

டிக்கெட் கொடுத்தவர் அருள்பிரகாசம், ராயபுரத்துக்காரர். காலை வண்டிக்கு நாற்பது பெண்கள் மீன்கூடையோடு ஏறுவார்கள். ஒருத்தியும் டிக்கெட் எடுக்க மாட்டாள். முறை வைத்து, தினம் ஒருத்தி அவர் ஜன்னலில் இரண்டு மடவை மீன் வைப்பாள்.

"மாஸ்டரு, வூட்ல இன்னிக்காவது கொழம்பு ஒழுங்கா வெக்க சொல்லு!"

"ஓடுங்கம்மா, வண்டி வந்துடுச்சி!"

ஒருநாள் வண்டி நிற்காமல் போனது. அன்று முதல் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நடைதான். போன தை மாதம் ஒரு லாரி, அந்த நாற்பது பேரில் ஒருத்தியான செல்லம்மாவின் மருமகள் மோகனப்ரியாவின் காலை எடுத்துக்கொண்டது.

செல்லம்மா விடவில்லை. ஸ்டேஷனைத் திறக்கச் சொல்லி மனு மேல் மனு போட்டாள். விசாரிக்க ரயில்வே அதிகாரி ஸ்டேஷனுக்கு வந்த அன்று, சாட்சிக்கு அருள்பிரகாசத்தை அவளே ஆட்டோவில் கூட்டி வந்தாள்.

அதிகாரி கோப்பைப் புரட்டினார். "ஒரு நாளைக்கு ரெண்டு டிக்கெட்தாம்மா வித்திருக்கு. ஆளே ஏறாத இடத்துல வண்டி எதுக்கு?"

"இன்னா சார் கலாய்க்கிற? தெனிக்கும் நாப்பது பேரு ஏறிகினு இருந்தோம். தோ, எங்க மாஸ்டரையே கேளு."

அருள்பிரகாசம் தன் பழைய டிக்கெட் ஜன்னலைப் பார்த்தார்.

"ஏறுனாங்க சார். நான்தான் டிக்கெட் குடுக்கல. மீன் வாங்கிகினேன்."

"டிக்கெட் விக்கலன்னா மூடிடுவோம்னு, மூடறதுக்கு ஆறு மாசம் முன்னாடியே உங்களுக்கு லெட்டர் போயிருக்கே?"

"வந்துச்சி சார்."

செல்லம்மா அவர் பக்கம் திரும்பினாள். "ஒனக்கு தெரியுமா?"

"இத்தினி வருசம் மீன தின்னுட்டு, திடீர்னு டிக்கெட் எடுங்கன்னு கேக்க வாய் வரல, செல்லம்மா."

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா எடுத்திருப்போமே. எம்மருமவ கால் இருந்திருக்குமே."

அவர் சொன்னதை எழுதிக்கொண்ட அதிகாரி, வண்டி நிற்குமா நிற்காதா என்று சொல்லாமலே கிளம்பிவிட்டார்.

அருள்பிரகாசம் செருப்பை மாட்டிக்கொண்டு லாரி ரோட்டுப் பக்கம் நடந்தார். ஆட்டோவில் உட்கார்ந்திருந்த செல்லம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பக்கத்தில் வைத்திருந்த மனுக்கட்டை மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏறு. அந்த ரோட்டுல நடக்காத."

ஏறினார். ராயபுரத்தில் அவர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுத்தான் அவள் திரும்பினாள், கண்ணுங்களா.