எல்லாரும் ஏறியாச்சு

கூரியரில் வந்த உறையைப் பெரியவள் காலையிலேயே மூன்று முறை பிரித்துப் பார்த்துவிட்டாள். மூன்று முறையும் கணக்கு ஒன்றுதான். போகும்போது வேனில் ஏழு பேர், திரும்பும்போது ஆறு பேர்.

உறைக்குள் இருந்தது அவள் தங்கை வரைந்த படப்புத்தகத்தின் புரூஃப். கோடை விடுமுறையில் ஒரு குடும்பம் கடலுக்குப் போய்வரும் கதை. பதினாறு பக்கம், பக்கத்துக்கு இரண்டே வரி. மாலை நாலு மணிக்குள் தங்கை அச்சகத்துக்குச் சரி சொல்லியாக வேண்டும். எழுத்தையெல்லாம் பதிப்பக ஆபீசில் பார்த்துவிட்டார்கள், படத்தை மட்டும் நீ ஒரு தடவை பார்த்துக் கொடு, உன் கண்ணிலிருந்து ஒன்றும் தப்பாது என்று நேற்று போனில் சொல்லியிருந்தாள்.

கடைசிப் பக்கத்தில் வேன் கடற்கரையை விட்டுக் கிளம்புகிறது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சித்தப்பா, பக்கத்தில் அப்பா, அவர்களுக்குப் பின்னால் அம்மாவும் சித்தியும், கடைசி சீட்டில் ஜன்னலோரம் பெரிய பெண், அவள் பக்கத்தில் தம்பி. சிவப்புக் கவுன் போட்ட சின்னப் பெண்ணைக் காணோம்.

வேறு யாராக இருந்தாலும் அப்போதே போனைப் போட்டு, "ஒரு ஆளை விட்டுட்டியே" என்று சொல்லிச் சிரித்திருப்பார்கள். பெரியவள் போனைத் தொடவில்லை.

ஏனென்றால் அந்தக் குடும்பம் இவர்களுடைய குடும்பம்தான். இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் வாடகை வேன் பிடித்து ஏழு பேரும் கடலுக்குப் போனார்கள். திரும்பும்போது ஏழு வயதுத் தங்கையைக் கரையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். முக்கால் மணி நேரம் கழித்து டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தி, அம்மா ஆளுக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தாள். கையில் ஒரு பிஸ்கட் மிஞ்சியது. ஈரத் துணி மூட்டைக்குப் பின்னால் சுருண்டு தூங்குகிறாள் என்று அதுவரை எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அடித்துப் பிடித்துத் திரும்பிப் போனால், அந்த மகராசி மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வாளியில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தாள். அழக்கூட இல்லை.

அன்றிலிருந்து தங்கைக்குப் பெயர் பிஸ்கட். ஆட்களை எண்ணும் பொறுப்பை ஏற்றிருந்த பெரியவளுக்குப் பெயர் கண்டக்டர். சொந்தக்காரர்கள் நாலு பேர் கூடினால் போதும், சித்தப்பா எழுந்து நின்று இந்தக் கதையை நடித்தே காட்டுவார். அம்மா கையில் பிஸ்கட்டோடு முழிப்பதை அவர் செய்யும்போது வீடே அதிரும். பாவம், பத்து வயதுப் பெண், எண்ணும்போது தவறிவிட்டது என்று முடிப்பார். தங்கையும் சேர்ந்துதான் சிரிப்பாள்.

ஆனால் பெரியவள் எண்ணும்போது தவறவில்லை. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும், அல்லது அப்படித்தான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். போகும்போது, சின்னவளுக்கு வாந்தி வரும் என்று ஜன்னல் சீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டார்கள். இவளை நடுவில் நெருக்கி உட்காரவைத்து, மடியில் ஒரு பெரிய பையையும் ஏற்றினார்கள். வழி நெடுக இவள் பார்த்ததெல்லாம் பையின் ஜிப்தான். அந்த எரிச்சலில், திரும்பும்போது முதல் ஆளாக ஓடி ஏறி ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள். எல்லாரும் ஏறியாச்சா என்று அம்மா கேட்டாள். இவள் வெளியே பார்த்தாள். அலையோரத்தில் சிவப்புக் கவுன் தெரிந்தது. "எல்லாரும் ஏறியாச்சு" என்றாள்.

அடுத்த வளைவில் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தாள். அந்த வளைவு வந்ததும் அதற்கடுத்த வளைவில் என்று நினைத்தாள். ஒவ்வொரு வளைவுக்கும் வாய் இன்னும் இறுகிப்போனது. கடைசிவரை அவள் சொல்லவில்லை, மிஞ்சிய பிஸ்கட்தான் காட்டிக் கொடுத்தது.

இப்போது இந்தப் படம் வந்திருக்கிறது. மறதியா, குத்தலா? சட்டைப் பொத்தானைக்கூட எண்ணி வரைகிறவள் தன்னையே மறப்பாளா? மறந்தாலும், ஊரில் இத்தனை பேர் இருக்க, பார்த்துச் சொல் என்று இவளுக்கா அனுப்புவாள்? ஆள் குறைகிறது என்று சொன்னால், இப்போது மட்டும் எப்படிக் கண்ணுக்குத் தெரிந்தது என்று கேட்டுவிடுவாளோ? எல்லாம் சரி என்று சொல்லிவிட்டால், அது நிஜமாகவே மறதியாக இருந்துவிட்டால், ஆயிரக்கணக்கான வீடுகளில் அந்தப் பெண் கடற்கரையிலேயே நின்றுகொண்டிருப்பாள்.

உறையைக் கைப்பையில் திணித்துக்கொண்டு வேலைக்குப் போனாள். அவள் மழலையர் பள்ளியில் டீச்சர். இருபத்திரண்டு குழந்தைகள். மாலையில் அவர்களை வேனில் ஏற்றிவிடுவது அவள் பொறுப்பு. ஒவ்வொரு தலையையும் தொட்டு மூன்று தடவை எண்ணாமல் வண்டியை எடுக்க விடமாட்டாள். நீங்க எண்ணி முடிக்கறதுக்குள்ள இதுங்க காலேஜ் போயிடும் டீச்சர் என்று டிரைவர் தினமும் அலுத்துக்கொள்வார்.

அன்று அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. க்ரேயான் டப்பாவை அடுக்கி, அடுக்கியதைக் கலைத்து, மறுபடி அடுக்கினாள். ஒரே குழந்தைக்கு இரண்டு தடவை கை கழுவிவிட்டாள். பன்னிரண்டு மணிக்குத் தங்கையிடமிருந்து பார்த்துவிட்டாயா என்று செய்தி வந்தது. எல்லாம் சரி என்று அடித்தாள், அழித்தாள். ஒரு மணிக்கு மறுபடி அடித்தாள், மறுபடி அழித்தாள். தன் மேலேயே அவளுக்கு ஆத்திரமாக வந்தது. முப்பத்தெட்டு வயதில் இன்னும் வளைவு பார்த்துக்கொண்டிருக்கிறோமே என்று நொந்துகொண்டாள்.

மதியம் பாய்களை விரித்துக் குழந்தைகளைத் தூங்கவைத்தார்கள். எந்த நாளும் தூங்காத ஒருத்தி உண்டு. அவளுக்கு வால் என்றே பெயர். பெரியவள் தண்ணீர் பாட்டில்களை நிரப்பிவிட்டு வருவதற்குள் வால் மேஜையில் இருந்த உறையைப் பிரித்து, தாள்களைத் தரையில் பரப்பிவிட்டாள். ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்புக் கவுன் மேல் விரலை வைத்துக்கொண்டே வந்தவள், கடைசிப் பக்கத்தில் விரலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிமிர்ந்து பார்த்தாள். இந்தப் பாப்பா எங்கே என்று கேட்டாள்.

உள்ளே படுத்துத் தூங்குகிறாள் என்று பெரியவள் வாய் கூசாமல் சொன்னாள். வால் லேசில் நம்புகிற ஆள் இல்லை. தாளைப் புரட்டிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். அங்கே வெறும் வெள்ளைதான் இருந்தது.

"விட்டுட்டு வந்துட்டாங்களா டீச்சர்? யாருமே பாக்கலையா?"

பெரியவள் தரையில் குனிந்தாள். தாள்களைப் பொறுக்கிக்கொண்டு, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஆயாவிடம் விட்டுவிட்டு, செருப்பு அலமாரிப் பக்கம் போனாள். மணி மூன்றேகால். போனைப் போட்டாள்.

"கடைசிப் பக்கத்துல ஒரு ஆள் குறையுது" என்றாள்.

அந்தப் பக்கம் தாள் சரசரத்தது. அப்பா, அம்மா, சித்தி என்று தங்கை முணுமுணுத்து எண்ணினாள். இரண்டாம் தடவை எண்ணினாள். பிறகு தலையில் அடித்துக்கொள்ளும் சத்தமே கேட்டது. என்னை நானே விட்டுட்டேனே, இதை ஆபீஸ்ல ஒருத்தரும் கவனிக்கலையே என்று புலம்பிவிட்டுச் சிரித்தாள். நல்லவேளை உன்னிடம் கொடுத்தேன், கண்டக்டர் என்றால் கண்டக்டர்தான் என்றாள்.

மறதிதான். அதில் குத்தலும் இல்லை, மண்ணும் இல்லை. சரி என்று சொல்லி போனை வைத்திருந்தால் பெரியவள் இந்தத் தடவையும் தப்பித்திருப்பாள். ஆனால் அந்தப் பாராட்டைக் கேட்டுக்கொண்டு நிற்க அவளால் முடியவில்லை.

"அன்னைக்கும் எனக்குத் தெரியும்டி" என்றாள். "நீ ஏறலைன்னு தெரிஞ்சேதான் சொன்னேன். ஜன்னல் சீட்டுக்காக."

வாசலில் வேன் வந்து நின்று ஹாரன் அடித்தது.

"தெரியும்" என்றாள் தங்கை. "நீ பாத்தே. நானும் உன்னைப் பாத்தேன். அதான் அழலை. அக்கா பாத்துட்டா, சொல்லிடுவா, இப்ப வந்துடுவாங்கன்னு உக்காந்திருந்தேன்."

பெரியவள் அலமாரியைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷம் ஏன் கேட்கவில்லை என்று கேட்க வாயெடுத்தாள். கேட்காமலே தங்கை பதில் சொன்னாள்.

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன். கோவம் இல்லாம இல்லக்கா. இருக்கு. ஆனா இதை வேணும்னு வரையலை. கெளம்பற வண்டின்னு நெனைச்சாலே எனக்கு அது வெளிய நின்னு பாக்கற மாதிரிதான் வருது."

பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நேரமாகிறது, அவளை இப்போது எங்கே உட்காரவைப்பது, பின் சீட்டில் இடமே இல்லையே என்றாள்.

"ஜன்னலோரம் வை" என்றாள் பெரியவள். "பெரியவளை நடுவுல தள்ளு. மடியில அந்தப் பையை வை."

மூன்று ஐம்பதுக்குக் குழந்தைகள் வரிசையாக வேனில் ஏறினார்கள். பெரியவள் தலைதலையாகத் தொட்டு மூன்று தடவை எண்ணினாள். இருபத்திரண்டு. டிரைவர் அலுத்துக்கொண்டே வண்டியை எடுத்தார். வேன் தெருமுனை திரும்பும்போது அவள் போனுக்குப் படம் வந்தது.

சிவப்புக் கவுன் ஜன்னலில் சாய்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. பெரிய பெண் நடுவில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் பை இருந்தது. அதைத் தங்கை வேண்டுமென்றே பெரிதாக வரைந்திருந்தாள், பெரிய பெண்ணின் மூக்குக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை.

பெரியவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. படத்தில் ஒவ்வொரு தலையாக விரலை வைத்து எண்ணினாள். ஏழு. இன்னொரு தடவை எண்ணினாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, எல்லாரும் ஏறியாச்சு என்று பதில் அனுப்பினாள்.