சவுக்காரம் போட்ட செடி

தில்லையடி அஸீஸாவுக்கு ஒரு காலத்தில் இருந்த பெரிய மனக்குறை புருஷனின் வாய்தான். உப்பளத்தில் வேலை பார்த்த மஸாஹிர் வீட்டுக்குள் கால் வைத்தால் போதும், தேநீரில் சீனி கூடிவிட்டது, ஆணத்தில் புளி பத்தாது, கதிரை ஏன் வழியில் கிடக்கிறது என்று ஓயாமல் நச்சரிப்பார். இந்த மனுசனின் வாய் ஒருநாளாவது ஓயாதா என்று அவள் தொழுகைப் பாயிலேயே முறையிட்டதுண்டு.

போன நோன்புக்குப் பிறகு வந்த பாரிசவாதம் அந்த வாயை ஒரேயடியாக மூடிவிட்டது. கைகால் மெல்லத் தேறின. பேச்சு மட்டும் வரவில்லை. வரலாம், வராமலும் போகலாம் என்று சிலாபம் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். தான் கேட்டதுதான் கிடைத்துவிட்டதோ என்ற பயம் அன்றிலிருந்து அஸீஸாவைப் பிடுங்கித் தின்றது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

வாப்பாவுக்குப் பொழுது போகட்டும் என்று மகள் றுஷ்னா ஒரு மீன்தொட்டி வாங்கி வைத்தாள். உள்ளே தங்கமீன்கள், சில பிளாஸ்டிக் செடிகள். மஸாஹிர் காலையில் அதன் முன் உட்கார்ந்தால் பின்னேரம் அஸர் தொழுகை வரைக்கும் எழும்ப மாட்டார்.

செடிகளில் பாசி பிடித்து மீனே தெரியாமல் போனபோது, அஸீஸா அவற்றை எடுத்துப் பேசினில் போட்டாள். சட்டி கழுவும் சவுக்காரத்தைத் தாராளமாகப் பூசி, பழைய பிரஷ்ஷால் இலை இலையாகத் தேய்த்தாள். அப்படியும் அங்கங்கே கொஞ்சம் பாசி ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. பிறகு பிஸ்மி சொல்லி மூன்று தரம் அலசினாள். மூன்று தரம் அலசினால் சுத்தம் என்று சின்ன வயதில் ஓதிக் கொடுத்ததை அவள் சந்தேகித்ததே இல்லை. மீனுக்கு அந்தச் சட்டம் தெரியாது என்பதுதான் அவளுக்குத் தோன்றவில்லை.

முதல் செடியைத் தொட்டிக்குள் இறக்கப் போனபோது மஸாஹிர் அவள் கையைப் பிடித்தார். செடியை வாங்கி மோந்து பார்த்தார். பக்கத்தில் இருந்த தண்ணீர்க் கோப்பையில் முக்கி ஆட்டினார். நுரை கிளம்பியது. அஸீஸாவுக்கு ரோசம் வந்துவிட்டது. மூன்று தரம் கழுவியாயிற்று என்று அழுத்திச் சொன்னாள்.

மஸாஹிரின் வாய் கோணியது. தொண்டையில் ஏதோ உருண்டது.

"சவு... சவுக்காரம்," என்றார். மூச்சு வாங்கிவிட்டு, "மீன்... மவுத்தாகும். புத்தி... ஈக்கா ஒனக்கு?"

அஸீஸா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருடத்தில் எத்தனையோ ஏச்சு வாங்கியிருக்கிறாள். இவ்வளவு இனித்த ஏச்சு ஒன்றுமில்லை. அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லச் சொல்லக் கண்ணீர் வழிந்தது.

"இன்னொருக்கா ஏசுங்க," என்றாள்.

அவர் முறைத்தார். "உப்பு," என்று மட்டும் சொல்லி அடுப்படியைக் காட்டினார்.

அவள் ஓடிப்போய்க் கல்லுப்பை அள்ளி வந்து, நுரை அடங்கும்வரை செடிகளை அலசி, உப்பால் தேய்த்து, மறுபடியும் அலசினாள். எல்லாம் பளிச்சென்று ஆகின. கடைசிச் செடியில் மட்டும், அவர் கண்ணில் படுகிற பக்கமாக, ஓர் இலையில் மிஞ்சிய பாசியைத் தேய்க்காமல் விட்டுவைத்தாள்.