மாமா வேலைக்குப் போகிறார்

காலைச் சங்கு ஊதி ஓய்வதற்குள் பேராச்சி தோல் பதனிடுகிற ஷாப்பின் கேட்டுக்கு ஓடி வந்துவிட்டாள். ஈர மண்ணில் வரிசை கட்டி நின்ற ஆண்களுக்கு நடுவே அவளுடைய மாமனார் பூதத்தானும் நின்றுகொண்டிருந்தார். சட்டைப் பொத்தான்களை ஒன்று மாற்றி ஒன்று போட்டிருந்தார். காலில் செருப்பு இல்லை. தலையை மட்டும் தண்ணீர் தொட்டுப் படிய வாரியிருந்தார். அந்த வாரத்தில் இது நான்காவது தடவை.

"மாமா, வாங்க, வீட்டுக்குப் போவோம்."

"சங்கு ஊதிட்டுல்லா? கைய விடுட்டி. பேரு வாசிச்சிருவானுவ, ஹஜேரி போயிரும்."

"இன்னைக்குச் சுட்டி மாமா, லீவு. கம்பெனி பந்த்."

"பந்தா? ஒருத்தனும் சொல்லலயே." பூதத்தான் கேட்டைப் பார்த்தார். வரிசை நகர்ந்து ஒவ்வொருவராக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். "பந்துன்னா இவனுவல்லாம் எங்க போறானுவ?"

வாட்ச்மேன் கம்பைக் குறுக்கே நீட்டிக் கிழவரை ஓரமாக ஒதுக்கினான். முதல் நாள் சிரித்தவர்கள்கூட இப்போது சிரிப்பதில்லை. தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். அவள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்து, மாட்டை ஓட்டிக்கொண்டு போவதுபோல வீட்டுக்கு இழுத்துப் போனாள்.

இருபத்தெட்டு வருஷம் அந்தக் கேட்டுக்குள் போய்வந்த மனுஷர். வேலையை விட்டு இரண்டு வருஷம்தான் ஆகிறது. அந்த இரண்டு வருஷத்தில் மகன் பெயர் மறந்தது, சாப்பிட்டது மறந்தது, எங்கே ஒதுங்குவது என்பதும் மறந்தது. இந்தப் பாழாய்ப் போன சங்கு மட்டும் மறக்கவில்லை. ஊதினால் எழுந்துவிடுவார். எழுந்தால், அவள் அடுப்படியிலிருந்து திரும்புவதற்குள் நடந்துவிடுவார். சில நாள் கால் ஷாப்புக்குக் கொண்டுபோகும். சில நாள் வேறெங்காவது கொண்டுபோகும். போன மாதம் ரயில் தண்டவாளத்துக்கு நடுவில் உட்கார்ந்திருந்தவரை லைன் பார்க்கிற மராட்டியக்காரர் ஒருவர் தோளில் தூக்கிக்கொண்டு வந்து விட்டுப்போனார். அன்றைக்கு வாங்கியதுதான் கதவில் தொங்குகிற பூட்டு. வெளியே பூட்டிவிட்டு மாதுங்காவுக்கு வேலைக்குப் போவாள். உள்ளே அவர் தகரக் கதவைக் குத்திக்கொண்டே இருப்பார். இரண்டு வீடு பாத்திரம் தேய்த்துவிட்டு ஓடி வந்து திறந்தால் விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்திருக்கும். அதைப் பார்க்கும்போது தன் மேலேயே அவளுக்கு அருவருப்பு வரும்.

புருஷன் கணேசபாண்டியனுக்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற வேலை. கப்பல் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. மழைக்காலத்தில் பெரும்பாலும் இல்லை. வீட்டில் அடுப்பு எரிவது பேராச்சியின் கையால்தான்.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் மாதுங்கா அனந்தநாராயணன் வீட்டு மாமி அவளுக்கு ஒரு வேலை வைத்திருந்தாள்.

"எங்க மாமியார் படுத்த படுக்கையாயிட்டா. காலம்பற எட்டு மணிலேர்ந்து நாலு மணி வரைக்கும் பக்கத்துலயே ஒருத்தி இருக்கணும். துடைச்சு விட்டு, சாதம் ஊட்டி, புரட்டிப் போட்டு எல்லாம் பாத்துக்கணும். ரெண்டு வீட்டுல பத்துத் தேய்க்கறதை விட ஜாஸ்தியாவே தரேன். நானும் எத்தனை நாள்தான் வாசலைத் தாண்டாம அடைஞ்சு கிடக்கறது சொல்லு? மனுஷாளுக்கு மூச்சு விட நேரம் வேண்டாமா?"

மாமி சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் என்று பேராச்சிக்குத் தோன்றவில்லை.

"எங்க வீட்டுலயும் மாமனாரு இருக்காகம்மா. அவுகளப் பாக்க ஆளில்ல."

"ஏதாவது ஏற்பாடு பண்ணிக்கோ. திங்கட்கிழமைக்குள்ள சொல்லு. இல்லேன்னா ஆண்டாப் ஹில்லுலேர்ந்து ஒருத்தி வரேன்னிருக்கா."

ஏற்பாடு! பேராச்சி ஏற்பாடு தேடி எங்கெங்கோ அலைந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் அரை நாள் வரிசையில் நின்றாள். டாக்டர் கிழவரின் கண்ணில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இது வயசு, மருந்து கிடையாது, எப்போதும் யாராவது கூடவே இருங்கள் என்று இந்தியில் சொன்னார். கூடவே இருப்பதற்கு வழி கேட்கத்தான் அவள் அங்கே போனாள். கன்னியாஸ்திரிகள் நடத்துகிற முதியோர் இல்லத்தில் நல்லபடியாகத்தான் பேசினார்கள். மகன் உயிரோடிருக்கிற ஆளை எடுக்க மாட்டார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை, தங்களைப்போலப் பிழைக்க வந்தவர்கள் சேர்ந்து நடத்துகிற ஊர்ச் சங்கத்துக்குப் போனாள். செயலாளர் வெயிலுமுத்து பாயை உதறிப் போட்டு உட்காரச் சொன்னார்.

"நம்ம சங்கத்துல எல்லாத்துக்கும் விதி இருக்கு தாயி. ஊர்ல இருந்து புதுசா வாற பயலுக்கு வேலை கிடைக்க வரைக்கும் சோறு உண்டு. கல்யாணத்துக்கு அண்டா, சட்டி எல்லாம் குடுக்கோம். ஆளு செத்தா மேளம், பாடை, சாம்பல் ஊர் போய்ச் சேருத வரைக்கும் சங்கம் பாத்துக்கிடும்."

"உசுரோட இருக்கவுகளுக்கு, அண்ணாச்சி?"

வெயிலுமுத்து பிடரியைச் சொறிந்தார். "அதுக்கு விதி இல்லியே."

"அப்ப அவுக சாவுத வரைக்கும் நான் பொறுக்கணுமா?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. வெயிலுமுத்து நல்ல மனுஷர். கோபப்படவில்லை. அடுத்த வருஷப் பொதுக்கூட்டத்தில் அவசியம் பேசுவதாகச் சொல்லி, வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

திங்கட்கிழமை விடியும்போதே அடைமழை. வீட்டில் கணேசபாண்டியன் படுத்திருந்த தைரியத்தில் பேராச்சி கதவைப் பூட்டாமல் குழாயடிக்குப் போனாள். இரண்டு குடம் தண்ணீருக்கு அத்தனை நேரம். திரும்பி வந்தபோது புருஷன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். பக்கத்துப் பாயில் ஆள் இல்லை. சங்கு எப்போதோ ஊதியிருந்தது.

குடத்தைப் போட்டுவிட்டு ஷாப்புக்கு ஓடினாள். கேட் சாத்திக் கிடந்தது. வரிசையும் இல்லை, வாட்ச்மேனும் இல்லை. மழைச் சத்தத்துக்கு மேலே எங்கோ ரயில் கூவியது. தண்டவாளத்துக்கு ஓடினாள். இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டிய வரை கருங்கல்லும் மழையும்தான். கொஞ்ச தூரம் நடந்து பார்த்தாள். லைன் பார்க்கிறவர் தலையில் கவிழ்த்திருந்த சாக்குக்குள்ளிருந்து கையை விரித்தார். மறுபடி கேட்டுக்கே ஓடி வந்து, இரண்டு கையாலும் தகரத்தில் அடித்தாள்.

கேட்டைத் திறந்தது மேஸ்திரி முகைதீன்.

"பதறாதம்மா. உங்க மாமன் உள்ளதான் இருக்காரு. மழைக்கு எல்லாவனும் குபீர்னு உள்ள ஓடி வந்தானுவ. இவரும் கூட்டத்தோட கூட்டமா வந்துட்டாரு. ஹஜேரி எடுக்கையிலதான் பாத்தோம். வா, வந்து பாரு."

கொட்டகைக்குள் உப்பும் சுண்ணாம்பும் அழுகிய கொழுப்பும் கலந்த வாடை முகத்தில் அறைந்தது. மூலையில் ஒரு பலகையில் பூதத்தான் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உப்புப் போட்ட ஆட்டுத்தோல்களை அடுக்கிய அட்டி. ஒரு தோலை மடியில் விரித்து, உள்ளங்கையால் கழுத்திலிருந்து வால் வரைக்கும் தடவினார். திருப்பிப் போட்டு இன்னொரு தடவை தடவினார். பிறகு அதை இடது பக்கம் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தார். விரல்களில் நடுக்கமே இல்லை. நிமிர்ந்தபோது மருமகளைப் பார்த்துவிட்டார்.

"என்னட்டி பேராச்சி, இங்க என்ன சோலி உனக்கு? போய்ச் சோறு பொங்கு. சங்கு ஊதினதும் வந்துருவேன்."

அவள் பெயர் அவர் வாயில் வந்து ஆறு மாதம் இருக்கும். நனைந்த முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பேராச்சி அழுதாள். பயம் விட்டுப்போன அழுகைதான் அது, ஆனாலும் நிற்க மாட்டேன் என்றது.

முகைதீன் அது முடிகிற வரை பொறுத்திருந்தார். "இங்ஙனயே இருக்கட்டும்மா. முப்பது பேரு இருக்கோம். ஒருத்தன் கண்ணு அயந்தா இன்னொருத்தன் கண்ணுல பட்டுக்கிட்டுதான் இருப்பாரு. சாயா நாங்க வாங்கிக் குடுத்துக்கிடுதோம். சோத்த மட்டும் கட்டிக் குடுத்துரு."

"சுண்ணாம்புக் குழிப் பக்கம் போயிட்டாகன்னா, பாய்?"

"எழுந்தா பிடிச்சு உக்கார வைக்க ஆளில்லியா? நாங்க எல்லாம் அவருகூட வேல பாத்தவங்கதாம்மா."

"மொதலாளி ஒண்ணும் சொல்ல மாட்டாகளா?"

"நான் பேசிக்கிடுதேன். ஓரமா உக்காந்திருக்க மனுசனால அவருக்கு என்ன நஷ்டம்?"

அந்த ஈரச் சேலையோடேயே பேராச்சி ரயில்வே பாலம் ஏறி இறங்கி மாதுங்காவுக்கு ஓடினாள். "வாரேன்மா, இன்னையில இருந்தே வாரேன்" என்றாள். மாமி ஒரு பழைய புடவையை எடுத்துக் கொடுத்து மாற்றிக்கொள்ளச் சொன்னாள். பேராச்சி அந்த வீட்டுக் கிழவிக்கு உடம்பு துடைத்து, பவுடர் போட்டு, குழைந்த தயிர் சாதத்தைக் கரண்டி கரண்டியாக ஊட்டினாள். மத்தியானம் கிழவி தூங்கிப்போனதும் சுவரில் சாய்ந்து சும்மா உட்கார்ந்தாள். இரண்டு வருஷத்தில் பகலில் அவள் சும்மா உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. பூட்டு ஞாபகம் வந்தது, அதற்கு இன்று வேலை இல்லை என்பதும் கூடவே வந்தது. அவளுக்குச் சிரிப்பாக இருந்தது. நெஞ்சு நிறையச் சந்தோஷமாகவும் இருந்தது.

சாயங்காலம் ஷாப் விட்டு ஆட்களோடு ஆளாகப் பூதத்தான் வெளியே வந்தார். மேலெல்லாம் தோல் வாடை. வீட்டுக்கு வந்து குளித்தார். சோறு போட்டதும் இன்னும் கொஞ்சம் வை என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். விளக்கு வைத்த கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டார்.

"என்னளா, வீடு இப்பிடி அமைதியா கெடக்கு? பக்கத்து வீட்டுக்குள்ள நொழஞ்சிட்டமோன்னு நெனச்சேன்" என்றான் கணேசபாண்டியன்.

"உங்கப்பா வேலைக்குப் போறாக. நீங்களும் போனா இன்னும் அமைதியா இருக்கும்" என்றாள் பேராச்சி. அவளுக்குக் கேலி பேச வரும் என்பதே அவனுக்கு மறந்து போயிருந்தது.

செவ்வாயும் புதனும் அப்படியே போயின. காலையில் அவளே சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டுவிட்டு, சோற்றுத் தூக்கைக் கையில் கொடுத்து அவரை வரிசையில் நிறுத்துவாள். வாட்ச்மேன் கம்பை நீட்டுவதில்லை.

வியாழக்கிழமை கூட்டிப்போக வந்தபோது கொட்டகை மூலையில் ஒரு அட்டி மூன்றாகியிருந்தது. முகைதீன் ஒரு தோலைத் தூக்கிக் காட்டினார்.

"உங்க மாமன் வெளையாடுதாருன்னுதான் நெனச்சோம். மொதலாளி வந்து பத்துத் தோல உருவிப் பாத்தாரு. பத்தும் சரி. கத்தி பட்டது ஒரு பக்கம், அம்மைத் தழும்பு உள்ளது ஒரு பக்கம், சுத்தமானது தனி. கண்ணால பாத்தாத் தெரியாது, இவரு கைக்குத் தெரியுது. இங்க ரகம் பாக்குத ஆளு மெட்ராசுக்குப் போயி ஒரு மாசமாச்சு. வேற ஆளு தேட வேண்டாம்னு சொல்லிட்டாரு மொதலாளி."

பேராச்சிக்குப் பெருமையாக இருந்தது. அதன் பின்னாலேயே இன்னொன்றும் மனசில் வந்தது. சொல்லலாமா வேண்டாமா என்று நின்றாள்.

"அப்படின்னா பாய்... அந்த ஆளுக்குச் சம்பளம், பகாருன்னு குடுத்திருப்பாகல்லா?"

முகைதீன் ஆபீஸ் ஜன்னல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நானே கேட்டேம்மா. பைத்தியக்காரனை உள்ள விட்டதே தருமம், அதுக்குக் கூலி வேறயான்னாரு. ரொம்பப் பேசினா நாளைலருந்து கேட்டுலயே நிறுத்திருவேன்னுட்டாரு."

பேராச்சி அந்தக் கேட்டைப் பார்த்தாள். தண்டவாளம் அவள் கண் முன்னால் வந்தது. அனந்தநாராயணன் வீட்டுக் கிழவியும், அந்த வேலைக்காகக் காத்திருக்கிற ஆண்டாப் ஹில்காரியும் வந்தார்கள்.

"வேண்டாம் பாய். நான் கேட்டதா இருக்க வேண்டாம்" என்றாள். "அவுக உக்காந்திருக்க எடம் கெடச்சுதே, அது போதும்."

போதும் என்று மனசாரத்தான் சொன்னாள். இராத்திரி பாயில் படுத்துக்கொண்டு இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள். அப்போதும் போதும் என்றுதான் இருந்தது. நன்றாகத் தூங்கினாள்.

சனிக்கிழமை மழை விட்டிருந்தது. பேராச்சி வந்தபோது ஆபீஸ் ஜன்னலுக்கு முன்னால் சம்பள வரிசை நின்றது. முகைதீனுக்குப் பின்னால் பூதத்தான் நின்றுகொண்டிருந்தார். யாரும் அவரை விலக்கவில்லை. பின்னால் நின்றவன் அவர் தோளில் ஒட்டியிருந்த ஆட்டு மயிரைத் தட்டிவிட்டான்.

முகைதீன் வாங்கிக்கொண்டு நகர்ந்ததும் பூதத்தான் ஜன்னலுக்கு முன்னால் போய் இடது கைப் பெருவிரலை நீட்டினார். குமாஸ்தா பேரேட்டைப் பார்த்தார். கிழவரைப் பார்த்தார். பிறகு திரும்பி, உள்ளே நாற்காலியில் இருந்த முதலாளியைப் பார்த்தார். முதலாளி சிரித்துக்கொண்டே, வைக்கட்டும் என்று கையை ஆட்டினார். குமாஸ்தா பழைய காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்துத் திருப்பிப் போட்டு, விரலை மையில் தொட வைத்து, அதில் உருட்டி எடுத்தார்.

"சரி பெரியவரே. போங்க."

பூதத்தான் ஜன்னல் கட்டையிலிருந்து எதையோ வழித்து எடுத்துக் கையை மூடிக்கொண்டார். வரிசையை விட்டு விலகி, நிமிர்ந்து நடந்து, மருமகள் முன்னால் வந்து நின்றார்.

"இந்தாட்டி. எண்ணிப் பாத்து வை. அவன்கிட்ட குடுத்துராத, செலவழிச்சிருவான்."

மூடிய கையை அவள் உள்ளங்கையின் மேல் வைத்துத் திறந்தார். அதில் ஒரு காசும் இல்லை. வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேராச்சி விரல்களை மடக்கினாள். முந்தானை நுனியை இழுத்து, காசை வைப்பதுபோல வெறுங்கையை அதில் திறந்து, இரண்டு முடிச்சாக இறுக்கி முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.