எண்ணெய்த் தலையோடு நீச்சலுக்கு

சனிக்கிழமை காலையில் மனிதர்கள் தூங்குவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் மகள் நீச்சல் கிளப்பில் சேர்ந்ததோடு ஒழிந்தது. இருட்டு பிரியும் முன்பே எழுந்து அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும். என் கணவர் அழகிரி பக்கத்து ஊரான தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அவரோடு வேலை செய்கிற எங்கள் ஊர்ப் பையன்களுக்கும் நான்தான் சோறு கட்டிக் கொடுக்கிறேன். பாவம், தனியாக இருக்கிற பிள்ளைகள் என்று ஒரு நாள் வாயைக் கொடுத்தேன், இன்றைக்கு வரைக்கும் கரண்டி கையை விட்டு இறங்கவில்லை.

சோற்றை வடித்து வைத்துவிட்டு மகளை எழுப்பி முன்னால் உட்கார வைத்துத் தலைக்கு எண்ணெய் தேய்ப்பேன். இந்த எண்ணெய் விஷயத்தில் நான் யார் பேச்சையும் கேட்பதில்லை. தாமரைக்கு ஒன்பது வயது, இடுப்பு வரைக்கும் முடி. குளத்துத் தண்ணீரில் கொட்டுகிற குளோரின் அந்த முடியைத் துடைப்பக்கட்டை ஆக்கிவிடும். அதனால் கறிவேப்பிலையும் வெந்தயமும் போட்டு நானே காய்ச்சின தேங்காய் எண்ணெயை வழிய வழிய வைத்து, இறுக்கிப் பின்னி, கொண்டை போட்டு அனுப்புவேன். தேய்த்துக்கொண்டிருக்கும்போதே எனக்குக் கண் சொருகும். விரல் மட்டும் தன்பாட்டுக்கு வேலை செய்யும்.

"சீக்கிரம்மா, சீக்கிரம் போகணும்" என்று அவள் அவசரப்படுத்துவாள்.

"எட்டு மணி கிளாஸுக்கு ஏழு மணிக்கே போயி என்னடி பண்ணப் போறே? குளத்துக்குத் தண்ணி ஊத்தப் போறியா?"

அவள் பையை இழுத்து மடியில் வைத்துக்கொள்வாள். அதற்குள் அழகிரி இரவு ஷிப்ட் முடிந்து வந்து வாசலில் ஹார்ன் அடிப்பார். எங்கள் அடுக்குமாடியில் லிப்ட் வேலை செய்வது தீபாவளி மாதிரி, வருஷத்துக்கு ஒரு தரம். நாலு மாடி இறங்கிப் போய்க் காரில் ஏறுவதற்குள் எனக்கு நாளே முடிந்துபோன மாதிரி இருக்கும்.

மன்னார்குடியிலிருந்து இந்த மலாய் நாட்டுக் கிள்ளானுக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. ஊரில் தாமரை இருக்கிற இடத்தில் காது கேட்காது, அவ்வளவு வாயாடி. இங்கே வந்ததும் அவள் வாய்க்கு யாரோ பூட்டுப் போட்டுவிட்டார்கள். பள்ளியில் மற்ற பிள்ளைகள் பாதி மலாயும் பாதி ஆங்கிலமுமாகத் தமிழ் பேசினார்கள். இவள் பேசின தமிழைக் கேட்டுச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு ஒரு தோழியின் பெயரைக்கூட அவள் வீட்டில் சொல்லி நான் கேட்டதில்லை. கேட்டால், "ஒண்ணும் இல்லம்மா."

ஒரு நாள் கடைக்குப் போகிற வழியில் நீச்சல் குளத்தின் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். "எனக்கு நீச்சல் கத்துக்கணும்மா" என்றாள். இந்த ஊருக்கு வந்து அவளாக வாய் திறந்து கேட்ட முதல் விஷயம் அது. எனக்கோ முழங்கால் ஆழத் தண்ணீரைப் பார்த்தாலே பயம். இருந்தாலும் அந்த வாரமே போய் நின்றேன்.

நீலக்கொக்கு நீச்சல் கிளப்பின் செயலாளர் பூமணி ஆன்டி. யாழ்ப்பாணத்துக் குடும்பம், மூன்று தலைமுறையாக இங்கே இருக்கிறவர்கள். அரசாங்க வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பேச்சில் இன்னும் அந்த ஆபீஸ் இருக்கிறது.

"புது பேமிலின்னா ரெண்டு மாசம் ட்ரையல் லா" என்றார், இந்த ஊர்க்காரர்கள் பேச்சின் முடிவில் ஒட்டுகிற லாவோடு. "பிள்ளைய மட்டும் பார்க்க மாட்டோம், பேமிலியையும் பார்ப்போம். மாசக் கடைசி ஞாயிறு கோத்தோங் ரோயோங், எல்லாரும் சேர்ந்து குளத்தைக் கழுவணும். சும்மா பிள்ளைய எறக்கி விட்டுட்டுப் போறவங்க எங்களுக்கு வேணாம்."

சரி ஆன்டி, சரி ஆன்டி என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால்கூட நான் அப்படித் தலையாட்டியதில்லை.

அப்புறம் வாரா வாரம் இதுதான். கார் நின்றதும் தாமரை பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடிவிடுவாள். அழகிரி காரிலேயே சீட்டைச் சாய்த்துத் தூங்கிவிடுவார். நான் குளத்தோரப் படியில் உட்கார்ந்து, தூங்கி வழிந்து, நடுவில் விழித்துப் பார்ப்பேன். தண்ணீரில் ஒரே மாதிரித் தொப்பி போட்ட தலைகள். அதில் எது என்னுடையது என்று தேடுவதற்குள் மறுபடி கண் மூடிவிடும். கிளாஸ் முடிந்ததும் மற்ற பிள்ளைகள் கும்பலாக வெளியே வந்து தேங்காய்ப்பால் சோறு விற்கிற நாசி லெமாக் கடையை மொய்ப்பார்கள். என் பெண் மட்டும் ஈரத் தலையோடு தனியாக வருவாள்.

"யாரு கூடடி பேசினே?"

"எல்லார் கூடயும்தான்."

எல்லார் கூடவும் என்றால் யாரோடும் இல்லை என்று எனக்குத் தெரியாதா. நானும் எங்கள் அடுக்குமாடியில் இருக்கிற எல்லார் கூடவும்தான் பேசுகிறேன்.

இரண்டாம் மாதம் முடிகிற வாரத்தில் கிளப்பின் வாட்ஸ்அப் குழுவில் பூமணி ஆன்டி ஒரு செய்தி போட்டார். குளத்தைச் சுற்றி டைல்ஸில் எண்ணெய்ப் படலம் படிந்திருக்கிறது, கமிட்டி இதைச் சீரியஸாக எடுத்திருக்கிறது, பிள்ளைகள் தலையிலும் உடம்பிலும் என்ன தடவி அனுப்புகிறீர்கள் என்று பெற்றோர் யோசிக்கவும். கூடவே ஒரு படம். வெள்ளை டைல்ஸில் தண்ணீர் தொடுகிற இடத்தில் மஞ்சளாக ஒரு கோடு.

வழிய வழிய வைத்த எண்ணெய் வேறு எங்கே போயிருக்கும்? போகும்போது பளபளவென்று போகிற தலை, வரும்போது சொட்டு எண்ணெய் இல்லாமல் வருகிறதே. குளம்தான் குடித்திருக்கிறது. இத்தனை வாரமும் ஊர்ப் பிள்ளைகளெல்லாம் நீந்துகிற குளத்தில் நான் தாளித்து ஊற்றியிருக்கிறேன். ட்ரையல் முடிகிற நேரம் பார்த்து இது.

பகல் தூக்கத்தில் இருந்த அழகிரியை உலுக்கி எழுப்பிப் படத்தைக் காட்டினேன். அரைக் கண்ணைத் திறந்து பார்த்தார்.

"எண்ணெய் வைக்காம அனுப்பு. முடிஞ்சுது."

"இதுவரைக்கும் வெச்சதுக்கு என்னங்க பண்றது? வேணாம்னு சொல்லிட்டாங்கன்னா? அவ ஒரே ஒரு இடம் கேட்டா. அதையும் நான் கெடுத்துட்டேனே."

"அனு, நான் நைட்டு வேலைக்குப் போகணும்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். கோபமாக வந்தது. ஆனால் அந்த முதுகோடு சண்டை போட எனக்கும் தெம்பு இல்லை.

தாமரையிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உன்னால்தான் என்று அவள் காதில் விழுந்துவிட்டால், இருக்கிற கொஞ்சம் பேச்சும் நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை கோத்தோங் ரோயோங்கில் அந்த மஞ்சள் கோட்டை ஓர் இடம் விடாமல் நானே தேய்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஞாயிறு காலை குளத்தில் தண்ணீரைக் கொஞ்சம் இறக்கி வைத்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு பகுதி பிரித்துக் கொடுத்தார் பூமணி ஆன்டி. பெற்றோர்கள் வாளியும் பிரஷ்ஷுமாக உட்கார்ந்து பாதி தேய்த்தார்கள், பாதி ஊர்க்கதை பேசினார்கள். அழகிரி ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே தூங்கினார், தண்ணீர் அவர் காலையே கழுவிக்கொண்டிருந்தது. நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஆழமான பக்கம் போய் முட்டி போட்டு, தண்ணீருக்கு மேலே குனிந்து, பயத்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தேய்த்தேன். என் பகுதி முடிந்ததும் அடுத்தவர் பகுதி. அது முடிந்ததும் அதற்கு அடுத்தது. தோள்பட்டை விண் விண் என்று தெறித்தது.

"அனு, அது உங்க பகுதி இல்லையே" என்று பின்னால் குரல் கேட்டது. பூமணி ஆன்டி.

"பரவாயில்ல ஆன்டி."

"ஏன் பரவாயில்ல? பாதிக் குளத்தை நீங்களே கழுவிட்டீங்க. எந்திரிங்க."

எழுந்திருக்க முடியவில்லை. முட்டி மடங்கிப் போயிருந்தது. எங்கிருந்துதான் வந்ததோ, அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"என் எண்ணெய்தான் ஆன்டி. தெரியாமப் பண்ணிட்டேன். பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாது. அவளை நிறுத்திடாதீங்க. நான் வேணும்னா மாசா மாசம் வந்து தனியாவே கழுவிடுறேன்."

ஆன்டி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு குனிந்து டைல்ஸில் விரலை வைத்து வழித்து, மோந்து பார்த்தார்.

"இது சன்பிளாக் லா. வெயிலுக்குன்னு கிலோக் கணக்குல பூசி அனுப்புறாங்க எல்லாரும். உங்க எண்ணெய் இதுல எங்க?" என்றவர், பக்கத்தில் பிரஷ்ஷோடு நின்ற ஒரு பெண்ணைக் கூப்பிட்டார். கோச் சஞ்சீவின் மகள் இந்துஜா. தாமரையைவிட ஒரு வயது பெரியவளாக இருப்பாள். "இந்துஜா, தாமரை எண்ணெயோடவா தண்ணில எறங்குது?"

"இல்ல ஆன்டி" என்றாள் அவள் சாதாரணமாக. "நாங்க பர்ஸ்டே வாஷ் பண்ணிடுவோம்."

"யாரு நாங்க?" என்றேன்.

"நானும் தாமரையும். முத நாளு எண்ணெய்ல அவ கேப் வழுக்கித் தண்ணில போயிருச்சு, எல்லாரும் கெலாக்கா பண்ணி, கேலியாச் சிரிச்சாங்க. நான் டைவ் பண்ணி எடுத்துக் குடுத்தேன். அப்புறம் எப்பவும் நாங்க சீக்கிரம் வந்து ஷவர்ல ஷாம்பு போட்டுருவோம். அவ முடி ரொம்ப லாங் ஆன்டி, ஒரு ஆளு பத்தாது. நான் பின்பக்கம், அவ முன்பக்கம்."

"கிளாஸ் முடிஞ்சா அவ தனியாத்தானே வர்றா?"

"எனக்கு டாடியோட அடுத்த கிளாஸ் இருக்கு. நான் இங்கயே இருப்பேன்."

"எங்கிட்ட ஏம்மா ஒருத்தரும் சொல்லல?"

இந்துஜா தாமரை நின்ற பக்கம் ஒரு தரம் பார்த்தாள். "சொல்லாதன்னு சொன்னா. அம்மாக்கு ஏற்கனவே பெனாட், சொன்னா அழுவாங்கன்னா."

பெனாட் என்றால் அலுப்பு. ஒன்றரை வருஷத்தில் என் மகள் கற்றுக்கொண்ட மலாயில் எனக்காக வைத்திருந்த சொல் அது. குளத்தின் அந்தப் பக்கம் தாமரை பிரஷ்ஷைப் பிடித்தபடி நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை நாளும் நான்தான் இவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்து மூச்சு வாங்கினேனே, அந்தச் சின்ன உடம்பு பச்சைத் தண்ணீர் ஷவரில் நின்று என்னைத் தாங்கியிருக்கிறது.

பூமணி ஆன்டி என் கையிலிருந்த பிரஷ்ஷை வாங்கிக்கொண்டார். "போயி ஒரு கோப்பி ஓ குடிங்க, பால் இல்லாம சூடா. அடுத்த மாசம் நீண்ட முடிக்குன்னு பெரிய கேப் ஒண்ணு வாங்கி வெக்கிறேன், தாமரைக்கு" என்றார். அடுத்த மாசம் என்றால் எங்களைச் சேர்த்துக்கொண்டார்கள் என்பது எனக்குக் காபிக் கடைக்குப் போய் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

வீட்டுக்குப் போகிற வழியில் காரின் பின் சீட்டில் அவளை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

"எண்ணெய் வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல தாமரை?"

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். "தேய்க்கும்போதே நீ தூங்கிடுறே, அம்மா. தூங்கிக்கிட்டே தேய்க்கிறே. எப்படிச் சொல்றது?"

அவள் முடியை விரலால் கோதிவிட்டேன். முன்னால் அழகிரி கண்ணாடியைத் திருப்பி எங்களைப் பார்த்தார்.

அடுத்த சனிக்கிழமை இருட்டோடு எழுந்து சோற்றை வடித்தேன். பையில் துண்டு வைத்தேன், மாற்றுத்துணி வைத்தேன். எண்ணெய்ப் பாட்டிலை அலமாரியின் மேல் தட்டில் பின்னால் தள்ளி வைத்துவிட்டு, வெறும் சீப்போடு உட்கார்ந்தேன். தாமரை கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். என் கையைப் பார்த்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்து என் மடியில் வைத்துவிட்டு, எப்போதும் போல முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"இனிமே வேணாம்டி கண்ணு. அங்க போயி கழுவத்தானே போறே."

"தேய்ம்மா" என்றாள், திரும்பாமலே. "எண்ணெய் இல்லேன்னா இந்துஜா எதுக்கு சீக்கிரம் வருவா?"