நயினார் கடையில் மூட்டை கட்டிய பாடம்

சாலைக் கம்போளக் கடைத்தெருவில் இலவச இன்டர்நெட்டுக்குக் கம்பம் நட்ட மறுநாள், மாலை நான்கு மணிக்கு, தெருவில் இன்டர்நெட் முழங்கால் அளவுக்குத் தேங்கியது. வெளுத்த நீலம், ஈரமில்லை, லேசான சூடு. ஆறு மணிக்கு வடிந்துவிடும். ஓணத்துக்குள் ஊருக்குப் பழகிவிட்டது. சுமை தூக்குகிறவர்கள் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அதைக் கடந்தார்கள். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் அதில் இறங்கினார்கள். நின்றபடி படித்தவர்களுக்குக் கணக்கில் பதினொரு மார்க் ஏறியது. உட்கார்ந்தவர்களுக்கு அது கழுத்துவரை வந்தது. அவர்கள் முன்பு படித்ததையும் மறந்தார்கள்.

அரிசி மொத்த வியாபாரி நயினாரின் மகள் சபீனா உட்கார்ந்தவள். கல்யாண மேக்கப் வீடியோக்களுக்கு மேலே அவள் தலை மட்டும் மிதந்துகொண்டிருக்கும். ப்ளஸ் டூ பிசிக்ஸில் மார்ச்சில் தோற்றாள், ஜூனிலும் தோற்றாள். அவளுக்கு எக்ஸ்ரே எடுக்கும் படிப்பில் சேர வேண்டும். அடுத்த மார்ச்சும் போனால் நாகர்கோவிலில் மாமாவின் ஜவுளிக்கடையில் சேலை மடிக்க வேண்டும் என்று வீட்டில் முடிவானது.

நயினார் கோளாறைக் கண்டுபிடித்தார்.

"புது அரிசி குழையும், மோளே. எட்டு மாசம் கிடந்தாத்தான் சோறு உதிரியா வரும். பாடமும் அப்படித்தான்."

"வாப்பா, இது அரிசி இல்லல்லா."

"கம்போளத்துக்கு வந்தா எல்லாம் சரக்குதான்."

தெருவில் இறங்கி, பிசிக்ஸை மட்டும், வீடியோவில் அதை நடத்தும் சாரோடு சேர்த்து, மரக்காலால் அள்ளி, நாற்பது சாக்கில் கட்டி குடோனில் அடுக்கினார். "எலி கடிச்சா பாடம் பூரா ஓடையில போகும் மொதலாளி, அப்புறம் தவளை பாஸாயிரும்" என்றான் சுமைக்காரன் தாசையன். சபீனா தெருவில் இறங்கக் கூடாது என்று உத்தரவு.

பிப்ரவரியில் சாக்கைப் பிரித்தார்கள். பாடம் நன்றாகவே முற்றியிருந்தது. அள்ளும்போது சுருள்முடியோடு இருந்த பிசிக்ஸ் சாருக்குத் தலை நரைத்து, முன்பல் இரண்டு விழுந்திருந்தது. லென்ஸைப் பாதி வரைந்துவிட்டு, மீதி ஞாபகமில்லாமல் சாக்பீஸைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாற்பது சாக்கிலும் அதே லென்ஸ், அதே பாதி.

சபீனா மூட்டை மேல் உட்கார்ந்து அழுதாள். அழுது முடிந்ததும் கோபம் வந்தது. "சாரே, ஃபோகல் லெங்த் இங்கே. இதுகூடத் தெரியாதா?" என்றாள். "என்னிட்டு?" என்று அவர் மலையாளத்தில் மேலே சொல்லச் சொன்னார். மேலே அவளுக்கும் தெரியாது. புத்தகத்தைத் திறந்தாள். ஒரு மாதம் அவர் ஒவ்வொரு வரிக்கும் "என்னிட்டு?" என்றார், அவள் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். லென்ஸ் இருவருக்கும் ஒரே நாளில் புரிந்தது.

மே மாதம் ரிசல்ட் வந்தது. ஐம்பத்தாறு மார்க், பாஸ். எல்லாம் பழைய சரக்கின் குணம் என்று நயினார் கம்போளம் முழுக்கச் சொன்னார். சபீனா எக்ஸ்ரே படிக்கப் போனாள். சார் சாக்கிலிருந்து இறங்கி ஒரு சாயா கேட்டார். வீடு எங்கே என்று அவருக்கு ஞாபகமில்லை, அதனால் கடையில் மதியம் ஓர் இலை கூடுதலாகப் போட்டார்கள். இப்போது தராசு அவர் பொறுப்பு, எடை தப்புவதில்லை. பிள்ளைகள் யாராவது பிசிக்ஸில் சந்தேகம் கேட்டால் மட்டும், சபீனா காலேஜ் விட்டு வரட்டும் என்கிறார்.