வியாழன்தோறும் பதினோரு மணி

பத்து இருபதுக்கு அக்காவிடமிருந்து பதில் வந்தது. ‘வருகிறேன்’ என்ற பொத்தானை அழுத்தியிருந்தாள். எங்கே வருகிறாள், எதற்கு வருகிறாள் என்று எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபின் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பேச்சுப் பயிற்சி மையம் ஒன்றில் எனக்கு வேலை. ஆறு பயிற்சியாளர்கள், நூற்றுச்சொச்சம் பேர் பயிற்சிக்கு வருகிறவர்கள். யார் யாரை எப்போது பார்ப்பது என்பதை நான் குறித்துக் கொடுக்கவேண்டும். மையத்தில் எனக்குப் பெயரே காலண்டர்தான். இப்போது பாதிப் பேர் வீடியோவில் வருகிறார்கள். நாள்காட்டியில் நேரத்தைப் போட்டுவிட்டு, வீடியோ மென்பொருளில் தனியாக ஓர் அறை திறந்து, அதன் இணைப்பை ஒவ்வொருவருக்கும் அனுப்புவேன். போன வாரம் இரண்டு இணைப்புகள் மாறிப்போய், திக்குவாய்க்கு வந்தவரும் பக்கவாதத்தில் பேச்சுப் போனவரும் ஒரே அறையில் பத்து நிமிடம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜர் அம்மா திட்டவில்லை. “நாள்காட்டியையும் வீடியோவையும் இணைச்சு விட்டுடுங்க காலண்டர். அதுவே அனுப்பிக்கும்” என்றார்.

இன்று, வியாழன் காலை, இணைத்தேன். அனுமதி கேட்டது, கொடுத்தேன். கடைசியாக, ஏற்கெனவே இருக்கும் குறிப்புகளுக்கும் அறை திறந்து, அதில் உள்ளவர்களுக்கு அழைப்பு அனுப்பட்டுமா என்று கேட்டது. அதற்கும் சரி என்றேன். மையத்தின் நாள்காட்டியோடு என் சொந்த நாள்காட்டியும் அதே கணக்கில் கிடக்கிறது என்பது அந்த நொடியில் நினைவில் இல்லை. ‘படிச்சுப் பாத்துட்டு அழுத்துங்க’ என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவன் நான்.

எனக்கு ஒரு பழக்கம். யாரிடமாவது ஏதாவது சொல்லவேண்டியிருந்தால் அதை நாள்காட்டியில் எழுதி, விருந்தினர் என்ற கட்டத்தில் அவர்களுடைய முகவரியைப் போட்டுவைப்பேன். அழைப்பு போகாதபடி நிறுத்தி வைத்திருந்ததால் மூன்று வருடமாக யாருக்கும் எதுவும் போனதில்லை. அப்படித்தான் அக்காவையும் போட்டிருந்தேன். வியாழன், காலை பதினோரு மணி. ‘அக்காவிடம் அப்பா விஷயத்தைச் சொல்லவேண்டும்.’ வாராவாரம் திரும்ப வரும்படி வைத்து ஏழு மாதமாகிறது. ஒவ்வொரு வியாழனும் மணி அடிக்கும். நான் அதை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போவேன்.

விஷயம் இதுதான். அப்பா படுக்கையில் கிடந்த நான்கு வருடமும் துடைத்தது, புரட்டிப் போட்டது, ஊட்டிவிட்டது எல்லாம் நானும் என் மனைவியும்தான். அக்கா வெளிநாட்டில் இருந்தாள். கடைசி மூன்று நாள் அப்பா வாயில் அவள் பெயர் மட்டும்தான். “பெரியவளக் கூப்புடு. மூஞ்சியப் பாக்கணும்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டே கேட்டார். பிடித்திருப்பது யார் கை என்று ஒரு தடவைகூட அவர் பார்க்கவில்லை. சாயங்காலம் அக்கா வீடியோவில் வந்து “அப்பாவக் காட்டுடா” என்பாள். தூங்குகிறார் என்று சொன்னேன். மூன்று சாயங்காலமும் சொன்னேன். அடுத்த அறையில் அவர் விழித்துக்கொண்டுதான் இருந்தார். நான்காம் நாள் விடிகாலையில் போய்விட்டார். பொறாமைதான். வேறு பெயர் வைத்துப் பார்த்துவிட்டேன், எதுவும் பொருந்தவில்லை. அக்கா வந்து என்னைக் கட்டிக்கொண்டு, தூக்கத்திலேயே போனாரே, அந்த மட்டும் நிம்மதி என்று அழுதாள். உன்னைப் போல் பிள்ளை யாருக்கு வாய்க்கும் என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள்.

அழைப்பை அழிக்கப் போனேன். அழித்தால் ரத்தானதாக அவளுக்குச் செய்தி போகும் என்றது. தலைப்பை மாற்றலாம் என்று பார்த்தால், மாற்றிய செய்தியும் போகுமாம். எழுந்து தண்ணீர் பிடித்தேன், குடிக்காமல் வைத்தேன். நடைக்கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். மூடிய கதவுக்குப் பின்னால் யாரோ ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார்கள். பத்தே முக்காலுக்கு மனைவிக்குப் போன் போட்டேன்.

“வேற ஏதாவது சொல்லிச் சமாளிச்சுடவா? அப்பாவோட மருந்துச் சீட்டு, அது இதுன்னு.”

“சொல்லுங்க” என்றாள். “அப்புறம் அதுக்கும் ஒரு வியாழக்கிழமை போட்டு வெச்சுக்கோங்க.”

பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே அக்கா வந்துவிட்டாள். உள்ளே விடவா என்று திரை கேட்டது. காலியாக இருந்த பயிற்சி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அவளை உள்ளே விட்டேன். அலுவலக உடையில் இருந்தாள். காதோரம் நரை கூடியிருந்தது.

“என்னடா, அழைப்பெல்லாம் பெருசா அனுப்பியிருக்க. வருஷம் முழுக்க எல்லா வியாழக்கிழமையும் வருது. நானும் எல்லாத்துக்கும் சரின்னு போட்டுட்டேன். இப்படியாவது வாராவாரம் பேசுவோம்ல.” சிரித்தாள். “அப்பா விஷயம்னு போட்டிருந்துச்சே. என்னது?”

மருந்துச் சீட்டு நாக்கு நுனி வரை வந்தது.

“அக்கா, அப்பா தூங்கல.”

“என்ன?”

“அந்த மூணு நாளும் அவர் தூங்கல. முழிச்சுட்டுதான் இருந்தார். உன்னக் கேட்டுட்டே இருந்தார். நான்தான் காட்டல.”

அவள் முகத்தில் சிரிப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை. அதை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்திருந்தாள். இணைப்பு திக்குகிறதா, படம்தான் நின்றுபோய்விட்டதா என்று பார்த்தேன். அவளுக்குப் பின்னால் ஜன்னல் திரை ஆடிக்கொண்டிருந்தது.

“என்னன்னு கேட்டார்?” என்றாள்.

“மூஞ்சியப் பாக்கணும்னார்.”

அவள் கை நீண்டு வந்தது. திரை கறுத்தது. கூட்டத்தை விட்டுப் போய்விட்டாள் என்று நினைத்தேன். போகவில்லை. படத்தை மட்டும்தான் அணைத்திருந்தாள். கறுப்புக் கட்டத்தின் மூலையில், மைக் திறந்திருக்கிறது என்று காட்டும் சின்னப் பச்சைக் கோடு அவள் பக்கத்துச் சத்தத்துக்கேற்ப ஏறி ஏறி இறங்கியது. ஒலியை முழுதாகக் கூட்டி வைத்துவிட்டு, அந்தப் பொத்தானிலிருந்து கையை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.